காய்ச்சலுக்குப் பிறகும் மனம் எழும்பவில்லையா?

டெங்கு மாறி இரண்டு கிழமைக்கு மேலாகியும் எதிலும் மனம் ஒட்டவில்லை, நித்திரையும் குழம்புகிறது என்றால் சோம்பல் என்று தள்ளிவிடாதீர்கள். கிருமியோடு சண்டை பிடிக்கும்போது நோயெதிர்ப்புக் கலங்கள் விடுகிற சைட்டோகைன்கள் என்ற புரதங்கள் மூளைக்கும் செய்தி அனுப்பும், பசி குறைவதற்கும் ஆட்களைத் தவிர்ப்பதற்கும் அதுவும் ஒரு காரணம். ஹெபடைடிஸ் சி என்ற ஈரல் நோய்க்கு, சைட்டோகைன்களில் ஒன்றான இன்டர்ஃபெரோன் ஊசி போட்டவர்களில் கணிசமானோருக்கு மனச்சோர்வே வந்தது.

எல்லா மனச்சோர்வும் இப்படியல்ல, சரியா? கொழும்பு வெள்ளவத்தை லாப்களில் நீங்களாகவே போய் சிஆர்பி என்ற இரத்தப் பரிசோதனை செய்து பார்க்கலாம்தான், ஆனால் அது அழற்சியை, அதாவது உடலில் இந்த எதிர்ப்புச் சண்டை நடக்கிறதா என்பதை மட்டுமே காட்டும், அதனால் முதலில் டொக்டரிடம் போய், தைரொயிட், இரத்தசோகை பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். தந்த மாத்திரையை இடையில் நிறுத்த வேண்டாம். மஞ்சள் தூள் அடைத்த கப்சூலை விட பின்னேரம் காலிமுகத்திடலில் நடப்பது மேல். சாக வேண்டும் போலிருந்தால் உடனே இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐ அழையுங்கள்.