சென்னையில் வாடகை வீடு பிடிப்பது எப்படி: டு-லெட் போர்டிலிருந்து சாவி வரை

சென்னையில் வீட்டைக் காலி செய்யும்போது அட்வான்ஸ் முழுசாகக் கைக்கு வராததுதான் குடித்தனக்காரர்களின் பெரிய குறை. அந்தச் சண்டைக்கு விதை பெரும்பாலும் குடிபோன வாரத்திலேயே விழுந்துவிடுகிறது. ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்ட ஒரு வரியோ, எடுக்காமல் விட்ட ஒரு போட்டோவோ போதும். முதல்முறை வீடு தேடுகிறவர்கள் எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று பார்ப்போம்.

1. முதலில் கைப்பணக் கணக்கு

வாடகையை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். வாடகை 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து மாத அட்வான்ஸ் 1,00,000, முதல் மாத வாடகை 20,000, புரோக்கர் மூலம் போனால் ஒரு மாத வாடகை கமிஷன் 20,000. மெயின்டனன்ஸ், வண்டிக் கூலி எல்லாம் சேர்த்தால் குடிபோகும் நாளுக்குள் ஒன்றரை லட்சம் தேவை. பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் பழைய வழக்கமும் இன்னும் சில தெருக்களில் இருக்கிறது. பேரம் பேசலாம், வாடகையைக் குறைக்க மறுப்பவர்கள்கூட அட்வான்ஸில் இறங்கி வருவதுண்டு.

2. எப்போது, எங்கே தேடுவது

பள்ளி திறக்கும் முன், மே மாதத்தில் போட்டி அதிகம். ஆடியிலும் மார்கழியிலும் பால் காய்ச்சிக் குடிபோகப் பலர் தயங்குவார்கள். அந்த மாதங்களில் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு விலை பேசுவது எளிது.

நோபுரோக்கர், மேஜிக்பிரிக்ஸ் போன்ற தளங்களில் அந்தப் பகுதியின் வாடகை நிலவரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். அதன்பிறகு தெருவில் நடந்து பாருங்கள். கேட்டில் தொங்கும் டு-லெட் அட்டையும், அயர்ன் கடைக்காரரும், அபார்ட்மென்ட் வாட்ச்மேனும் காட்டும் வீடுகளில் பாதி இணையத்தில் இருக்காது. போனிலேயே மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்: பேச்சிலருக்குத் தருவார்களா, அசைவம் சமைக்கலாமா, வண்டி நிறுத்த இடம் உண்டா. வீணாக அலைய வேண்டியிருக்காது.

"நான் ராணுவத்தில் இருக்கிறேன், வீட்டைக் காட்ட ஆள் இல்லை, முன்பணம் அனுப்புங்கள்" என்று எவராவது க்யூஆர் கோடு அனுப்பினால் அது மோசடி. வீட்டுக்குள் கால் வைக்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

3. வீடு பார்க்கும்போது தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்

டைல்ஸும் மாடுலர் கிச்சனும் கண்ணைக் கவரும். ஆனால் சென்னையில் தினசரி நிம்மதியைத் தீர்மானிப்பது தண்ணீர்தான்.

சமையலறை, குளியலறைக் குழாய்கள் எல்லாவற்றையும் திறந்து பாருங்கள். குழாய் முனையிலும் டைல்ஸிலும் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் போர் தண்ணீர் கடினமானது. அப்படியானால் சோப்பு நுரைக்காது, கீசர் சீக்கிரம் கெடும், குடிக்கக் கேன் வாங்க வேண்டும். மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரியத்தின் குழாய்த் தண்ணீர்) இணைப்பு உண்டா, சம்ப் எனும் தரைக்கடித் தொட்டி எவ்வளவு பெரிது என்று கேளுங்கள். ஓஎம்ஆர் எனும் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் பல அடுக்குமாடிகள் லாரித் தண்ணீரை நம்பியே இருக்கின்றன. ஏப்ரல், மே மாதங்களில் லாரி எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, அந்தச் செலவு மெயின்டனன்ஸுக்குள் அடங்குமா, தனியாகப் பிரிப்பார்களா? இதை ஓனரிடம் கேட்காதீர்கள், எதிர் வீட்டில் கேளுங்கள்.

அடுத்தது வெள்ளம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தெருவில் எதுவரை தண்ணீர் நின்றது என்று பக்கத்துக் கடையில் விசாரியுங்கள். வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகளில் இந்தக் கேள்வி கட்டாயம். சுவரில் முழங்கால் உயரம் வரை மட்டும் புதுப் பெயின்ட் இருந்தாலோ, அடிப்பகுதியில் பூச்சு உதிர்ந்திருந்தாலோ தரைத்தளத்தைத் தவிருங்கள். மீட்டர் பெட்டியும் லிஃப்ட் மோட்டாரும் எந்த உயரத்தில் இருக்கின்றன என்பதையும் கவனியுங்கள்.

மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் வீட்டை மதியம் மூன்று மணிக்குப் பாருங்கள். காலையில் தெரியாத வெக்கை அப்போது தெரியும்.

4. மின்சார மீட்டர்

ஈ.பி. கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். பயன்பாடு கூடக் கூட யூனிட் விலையும் ஏறும். இரண்டு குடித்தனம் ஒரே மீட்டரில் ஓடினால் அந்த 100 யூனிட்டைப் பங்கு போட வேண்டும், மேல் விலைக்கும் சீக்கிரம் போய்விடுவீர்கள். அதனால் தனி மீட்டர் இருக்கும் வீட்டுக்கே முன்னுரிமை கொடுங்கள். சப்-மீட்டர் என்றால் யூனிட்டுக்கு எவ்வளவு என்பதைப் பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு சின்னச் சோதனை: வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். விளக்கு தொடர்ந்து சிமிட்டினால் வேறு யாரோ உங்கள் லைனில் இருக்கிறார்கள், அல்லது எங்கோ கசிவு. எதுவானாலும் சரிசெய்த பிறகே டோக்கன், அதாவது வீட்டை உறுதிசெய்யக் கொடுக்கும் முன்பணம்.

5. டோக்கன் கொடுக்கும் முன்

பேசுகிறவர் உண்மையான உரிமையாளர்தானா? சொத்துவரி ரசீது, ஈ.பி. பில், ஆதார் மூன்றிலும் பெயர் பொருந்த வேண்டும். உறவினரோ மேனேஜரோ பேசினால் அதிகாரம் தரும் பத்திரத்தைக் கேளுங்கள். டோக்கன் தொகையை வங்கி வழியாக மட்டும் அனுப்புங்கள். நீங்கள் பின்வாங்கினால் அது திரும்புமா என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிவிடுங்கள்.

மாத வாடகைக்குப் பதிலாக மொத்தமாக ஒரு பெரிய தொகை கொடுத்துப் போகியத்துக்குப் போகிறவர்கள், சொத்தின் மீது பதிவான அடமானம், விற்பனை போன்றவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்றைப் பார்க்காமல் பணம் கட்டக்கூடாது. பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். வீடு வங்கியில் அடமானத்தில் இருந்து கடன் கட்டப்படாமல் போனால், நீங்கள் கொடுத்த லட்சங்களை மீட்பது பெரும்பாடு.

6. ஒப்பந்தம்

2017-இல் இயற்றப்பட்டு 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். இதற்கென அரசின் தனி இணையதளம் இருக்கிறது. முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். பிறகு தகராறு வரும்போது பதியாத அந்தத் தாள் துணை நிற்பதில்லை. வேறு விதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக்கூடாது என்றும், காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. பேரம் பேசும்போது இதை மரியாதையாகச் சுட்டிக்காட்டலாம்.

இவை தாளில் இருக்கின்றனவா என்று வரி வரியாகப் படியுங்கள்: அட்வான்ஸ் தொகை, நோட்டீஸ் காலம், ஆண்டு வாடகை உயர்வு எத்தனை சதவீதம், மெயின்டனன்ஸ் யார் கட்டுவது, மோட்டார், குழாய் ரிப்பேர் யார் பொறுப்பு. எல்லாவற்றையும்விடப் பெயின்டிங். காலி செய்யும்போது பெயின்டிங்குக்கென ஒரு மாத வாடகையைப் பிடிப்பது ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது. இரண்டு ஆண்டுக்கு மேல் இருந்தால் பிடித்தம் இல்லை என்றோ, ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் இல்லை என்றோ இப்போதே எழுத வையுங்கள். பிறகு பேச உங்கள் கையில் எதுவும் இருக்காது.

ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால், பழைய வருமான வரி முறையில் வாடகைப்படி (எச்ஆர்ஏ) சலுகைக்கு ஓனரின் பான் எண் தேவை. அதையும் அன்றே வாங்கிவிடுங்கள்.

7. சாவி வாங்கும் நாள்

சாமான் இறக்கும் முன் வெறும் வீட்டை வீடியோ எடுங்கள். சுவர்க் கறை, உடைந்த டைல்ஸ், கதவுக் கீறல், மீட்டர் ரீடிங், ஃபேன், ட்யூப்லைட், கீசர், சாவி எண்ணிக்கை எல்லாம் அதில் வரட்டும். அன்றைக்கே ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், தேதியோடு பதிவாகிவிடும். வாடகையை மாதாமாதம் வங்கி வழியாகவே செலுத்துங்கள்.

காலி செய்யும்போது இதே வீடியோவை வைத்து இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பாருங்கள். பிடித்தம் போக மீதி எவ்வளவு, எந்தத் தேதியில் தருவார் என்பதை எழுதி வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுங்கள்.