ரீஃப் தொட்டியில் தானியங்கி டோசிங் தவறும்போது: முன்னேற்பாடும் முதலுதவியும்

பவளங்களை வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியான ரீஃப் தொட்டிக்கு, கருவிகளைத் தானாக இயக்கும் கன்ட்ரோலரும் கரைசல்களை அளவாக விடும் டோசிங் பம்ப்பும் வாங்கிப் பொருத்துகிறவர்கள், அவை ஒழுங்காக ஓடும் நாட்களை மனத்தில் வைத்தே எல்லாவற்றையும் அமைக்கிறார்கள். என் 300 லிட்டர் தொட்டியையும் நான் அப்படித்தான் அமைத்திருந்தேன். பவளங்கள் செலவழிக்கும் காரத்தன்மையை ஈடுசெய்யும் கரைசலில் ஒரு நாளைக்குரியது முழுவதும் நள்ளிரவு 12 மணிக்கு ஒரே தவணையாக விழும்படி வைத்திருந்தேன். மின்சாரம் நின்று திரும்பும்போதெல்லாம் அந்தப் பம்ப்பின் கடிகாரம் 12 மணிக்கே திரும்பிவிடும் என்பது எனக்குத் தெரியாது. ஐந்து முறை மின்சாரம் போய் வந்த ஒரு நாளில் காரத்தன்மை 8.4 டிகேஎச்சிலிருந்து (டிகேஎச் என்பது அதை அளக்கும் அலகு) 13ஐத் தாண்டியது. அடுத்த ஒரு வாரத்துக்குள் மூன்று ஆண்டுகள் வளர்த்த அக்ரோபோரா பவளம் நுனியிலிருந்து வெளுத்து, தோலுரிந்து இறந்தது. கன்ட்ரோலரில் எழுதும் நிபந்தனைகளைவிட, கரைசல் கலனின் கொள்ளளவும் பம்ப்பின் வேகமும் விதிக்கும் வரம்புகளே பவளத்தைக் காக்கும் என்பதை அதன் பிறகே முழுமையாக உணர்ந்தேன்.

கலனிலிருந்து தொடங்குவோம். 100 லிட்டர் நீரின் காரத்தன்மையை 1 டிகேஎச் உயர்த்த ஏறத்தாழ 3 கிராம் சமையல் சோடா, அதாவது சோடியம் பைகார்பனேட், தேவை. அப்படியானால் 300 லிட்டருக்கு 9 கிராம். ஒரு லிட்டருக்கு 84 கிராம் என்ற கணக்கில் கரைத்து ஐந்து லிட்டர் கேனில் நிரப்பி வைத்தால், அதில் 420 கிராம் இருக்கிறது. பம்ப் நிற்காமல் ஓடி அதைக் காலி செய்துவிட்டால், கணக்குப்படி 46 டிகேஎச் ஏறும் அளவுக்கான சோடா தொட்டிக்குள் போய்விடும். எந்தப் பவளமும் அதைத் தாங்காது. ஆகவே, கலன் முழுவதும் கொட்டினாலும் 3 டிகேஎச்சுக்கு மேல் ஏறாத அளவை மட்டுமே பம்ப்பின் குழாய்க்கு எட்டும்படி வையுங்கள். 300 லிட்டர் தொட்டிக்கு அது 27 கிராம் சோடா கொண்ட கரைசல். நாளொன்றுக்கு அரை டிகேஎச் செலவழிக்கும் தொட்டிக்கு அது ஆறு நாள் வரும். 1 டிகேஎச் செலவழிக்கும் தொட்டிக்கு மூன்று நாள்தான் வரும். அடிக்கடி நிரப்ப வேண்டியிருக்கிறதே என்ற சலிப்பு நியாயமானதுதான். ஆனாலும் வெளியூர் செல்லும்போது பெரிய கேனை வைத்துவிட்டுப் போவதைவிட, தெரிந்த ஒருவரிடம் அளந்து ஊற்றிய பாட்டில்களைக் கொடுத்து, மூன்று நாளைக்கு ஒன்று மாற்றச் சொல்வது எவ்வளவோ பாதுகாப்பானது.

பம்ப்பின் வேகம் அடுத்த வரம்பு. நிமிடத்துக்கு 50 மில்லி தள்ளும் பம்ப்பை இயக்கும் ரிலே என்ற மின்சுவிட்ச் ‘ஆன்’ நிலையில் ஒட்டிக்கொண்டால் அரை லிட்டர் பத்து நிமிடத்தில் போய்விடும், நிமிடத்துக்கு 1.1 மில்லி மட்டுமே தள்ளும் பம்ப்புக்கு அதே அரை லிட்டரைத் தள்ள ஏழரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். யாராவது கவனித்து நிறுத்த அந்த நேரம் போதும். வேகமான பம்ப்பை மாற்ற முடியாதவர்கள், அன்றாட அளவை 24 சிறு தவணைகளாகப் பிரித்து, கரைசலையும் நீர்த்துப் பயன்படுத்தலாம். உருளைகளால் குழாயை அமுக்கித் தள்ளும் பெரிஸ்டால்டிக் பம்ப்பின் உள்குழாய் நாளடைவில் தளர்ந்து, தள்ளும் அளவு மாறும். மாதம் ஒரு முறையாவது அளவுக் குவளையில் 100 மில்லி ஓடவிட்டு அளந்து பார்க்க வேண்டும்.

குழாய்களைப் பொருத்துவதில் இரண்டு தவறுகள் அடிக்கடி நேர்கின்றன. முதலாவது, கரைசல் கலனை சம்ப்பின் (தொட்டியோடு இணைந்த துணைத் தொட்டி) நீர்மட்டத்துக்கு மேலே வைப்பது. பம்ப்பின் உருளைகள் தேய்ந்தாலோ உள்குழாய் சரியாக அமுங்காவிட்டாலோ, மின்சாரமே இல்லாமல் கரைசல் சைஃபனாக இறங்கிவிடும். கலனைக் கீழே வைத்து, குழாயின் முனையை நீருக்குள் அமிழ்த்தாமல் நீருக்கு மேலே தொங்கவிட்டால், கரைசல் தொட்டிக்கும் தொட்டி நீர் கலனுக்கும் தாமாகப் போகும் வழி அடைபடும். இரண்டாவது, கால்சியத்துக்காக விடும் கால்சியம் குளோரைடு விழும் இடமும் சோடா விழும் இடமும் ஒன்றாக இருப்பது. அவை அடர்த்தியாகச் சந்தித்தால் கால்சியம் கார்பனேட்டாகப் படிந்து வீணாகும். ஒரு சாண் இடைவெளியாவது விட்டு, நீரோட்டம் வலுவாக உள்ள இடத்தில், வெவ்வேறு நேரங்களில் விழும்படி அமையுங்கள்.

ஆவியாகும் நீரை ஈடுசெய்யும் ஏடிஓ வழியாகச் சுண்ணாம்புத் தெளிநீர் விடுகிறவர்கள் இன்னும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். நிறைவுற்ற தெளிநீரின் பிஹெச் சுமார் 12.4 இருக்கும். நீர்மட்டத்தை உணரும் ஃப்ளோட் சுவிட்சில் ஒரு நத்தை ஏறி அமர்ந்தாலே போதும், பம்ப் நிற்காது. 300 லிட்டர் தொட்டியில் அப்படி நான்கு லிட்டர் ஒரேயடியாகப் போனால் பிஹெச் 0.6 முதல் 0.7 வரை ஏறக்கூடும். எனவே சுவிட்சுக்கு மேலே இரண்டாவதாக ஓர் உயர்மட்டச் சுவிட்சும், பம்ப் தொடர்ந்து ஓடக்கூடிய நேரத்துக்கு ஓர் உச்சவரம்பும், ஒரு நாள் ஆவியாதலைவிடச் சற்றே பெரிய தெளிநீர்க் கலனும் வேண்டும்.

பிஹெச் ப்ரோப் (நீரில் அமிழ்த்தி வைக்கும் உணரி) காட்டும் எண்ணைக் கொண்டு எதையும் ஊற்றவைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பிஹெச் 7 என்பது ப்ரோப்பில் 0 மில்லிவோல்ட். ஆகவே ஈரம் புகுந்து கேபிள் ஷார்ட் ஆனால் கன்ட்ரோலர் திரையில் 7க்கு அருகே ஓர் எண் நிற்கும். ‘பிஹெச் 8.2க்குக் கீழே போனால் தெளிநீர் விடு’ என்று எழுதியிருந்தால், பழுதடைந்த அந்த ப்ரோப் கலன் காலியாகும் வரை விடச் சொல்லிக்கொண்டே இருக்கும். நேரத்தின்படி டோசிங் நடக்கட்டும், 8.5க்கு மேலே போனாலோ 7.7க்குக் கீழே போனாலோ நிறுத்துவதற்கு மட்டும் ப்ரோப் பயன்படட்டும்.

வெப்பநிலை ப்ரோப்பும் இதே வகையில் ஏமாற்றும். அது நீரிலிருந்து நழுவி வெளியே தொங்கினால் அறையின் வெப்பநிலையைக் காட்டும். குளிர்ந்த அறையில் கன்ட்ரோலர் ஹீட்டரை அணைக்காது. 300 வாட் ஹீட்டர் 300 லிட்டர் நீரை ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு ஒரு டிகிரி சூடாக்கும். அதற்குப் பதில் இரண்டு 150 வாட் ஹீட்டர்களைத் தனித்தனி அவுட்லெட்டில் இணைத்து, அவற்றின் சொந்த தெர்மோஸ்டாட்டைக் கன்ட்ரோலரின் அளவைவிட ஒரு டிகிரி மட்டும் மேலே வைத்தால், ப்ரோப் தவறினாலும் ரிலே ஒட்டிக்கொண்டாலும் ஹீட்டர் தானே அணையும்.

கன்ட்ரோலரின் மையக் கருவிக்கும் மின்பட்டைக்கும் இடையே தொடர்பு அறுந்தால் ஒவ்வொரு அவுட்லெட்டும் எந்த நிலைக்குப் போக வேண்டும் என்பதைத் தனித்தனியே தீர்மானியுங்கள். ஏபெக்ஸ் கன்ட்ரோலரில் இதற்கு ‘ஃபால்பேக்’ என்று பெயர். சம்ப் நீரைத் தொட்டிக்கு ஏற்றும் ரிட்டர்ன் பம்ப்பும் அலைப் பம்ப்பும் ஓட வேண்டும். டோசிங்கும் ஏடிஓவும் நிற்க வேண்டும். அமைத்த பிறகு கேபிளைக் கழற்றியும், மின்சாரத்தை நிறுத்தித் திரும்பக் கொடுத்தும், கடிகாரம் எந்த நேரத்தைக் காட்டுகிறது என்று நீங்களே பாருங்கள். நான் அந்தச் சோதனையைச் செய்திருந்தால் அக்ரோபோரா பிழைத்திருக்கும்.

இனி, தவறு நேர்ந்துவிட்டால் செய்ய வேண்டியவை. முதல் வேலை டோசிங் பம்ப்பின் பிளக்கைப் பிடுங்குவது. செயலியில் ‘ஆஃப்’ அழுத்துவது போதாது, ஏனெனில் ஒட்டிக்கொண்ட ரிலே அதைக் கேட்காது. பிறகு கலனில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்து, உள்ளே போன அளவைக் கணக்கிடுங்கள். அதற்குப் பிறகே டெஸ்ட் கிட்டை எடுங்கள். நீர் பால்போல் வெளுத்திருந்தால், அதில் மிதப்பது கால்சியம் கார்பனேட் துகள். காரத்தன்மைச் சோதனையில் சேர்க்கும் அமிலம் அந்தத் துகளையும் கரைத்து, உண்மையைவிட உயர்ந்த எண்ணைக் காட்டும். ஆகவே நீரைக் காபி ஃபில்டர் தாளில் வடிகட்டிச் சோதிக்க வேண்டும்.

தெளிநீர் மிகுந்து பிஹெச் 8.7க்கு மேலே போயிருந்தால், சுவை சேர்க்காத வெறும் குடிக்கும் சோடாவை (சமையல் சோடா அல்ல) தொட்டி நீர் லிட்டருக்கு 1 முதல் 1.5 மில்லி என்ற கணக்கில், சம்ப்பில் நீரோட்டமுள்ள இடத்தில் சிறிது சிறிதாக ஊற்றலாம். அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பிஹெச்சை 0.3 அளவில் இறக்கும், காரத்தன்மையைக் குறைக்காது. அரை மணி நேரம் பொறுத்து மீண்டும் அளந்த பிறகே அடுத்த தவணையைத் தீர்மானியுங்கள்.

பைகார்பனேட் மிகுந்திருந்தால் அமிலம் ஊற்ற வேண்டாம். 14 டிகேஎச் நீரில் கால் பங்கை எடுத்து 7 டிகேஎச் உப்புநீரால் நிரப்பினால் 12.25க்கு இறங்கும். அடுத்த நாள் தேவையானால் இன்னொரு மாற்றம் செய்யலாம். மீதியைப் பவளங்களே செலவழித்துவிடும். ஒரே நாளில் பெருமளவு நீரை மாற்றி 8க்குக் கொண்டுவர முயன்றால், ஏற்கெனவே அடிபட்ட பவளத்துக்கு அது இரண்டாவது அடி. கால்சியம் லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டியிருந்தால் அந்த டோசிங்கை நிறுத்திவைத்துக் காத்திருந்தாலே பெரும்பாலும் போதும்.

எதிர்த்திசைத் தவறும் உண்டு: குழாய் அடைபட்டு ஒரு வாரம் எதுவும் விழாமல், காரத்தன்மை 6க்கு இறங்கியிருக்கும். அப்போதும் ஒரு நாளைக்கு 1 டிகேஎச்சுக்கு மேல் உயர்த்தாதீர்கள். பம்ப்பைத் திரும்ப இணைக்கும் முன் அளவுக் குவளையில் அளந்து, பழைய அளவில் பாதியோடு தொடங்கி, மூன்று நாள் தொடர்ந்து ஒரே நேரத்தில் காரத்தன்மையைச் சோதித்து எழுதிவைத்து, அந்த எண்களைப் பார்த்தே முழு அளவுக்குத் திரும்புங்கள்.