மேடை ஏற ஆசையா? நன்றியுரையைக் கேட்டு வாங்குங்கள்

எந்த விழா ஏற்பாட்டுக் கூட்டத்திலும் "நன்றியுரை யாருப்பா?" என்று கேட்டதும் அத்தனை பேரும் தரையைப் பார்ப்பார்கள். காரணம் தெரிந்ததுதான். நன்றியுரைக்கு ஆள் எழும்போதே கூட்டம் செருப்பைத் தேடத் தொடங்கிவிடும், பாதிப் பேர் பந்திப் பக்கம் நகர்ந்திருப்பார்கள், மேடையில் இருப்பவர்களே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மேடைப்பேச்சு பழக இதைவிட நல்ல இடம் கிடையாது என்பது என் கட்சி. மூன்று நிமிடம் பேசினால் போதும், உளறினாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள், சீக்கிரம் முடித்தால் கைதட்டல்கூட விழும். குடியிருப்போர் சங்கம், ஆபீசில் பணி நிறைவு விழா, பள்ளி ஆண்டு விழா, கோயில் கமிட்டி, எங்கே என்றாலும் "நான் பண்றேன்" என்று கையைத் தூக்குங்கள். போட்டிக்கு ஒருவரும் வர மாட்டார்கள்.

இதில் இன்னொரு லாபம், மற்றவர்கள் பேசுவதை நீங்கள் முழுசாகக் கேட்டே ஆக வேண்டும். ஒவ்வொருவர் பேச்சிலிருந்தும் ஒரே ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். "சிறப்பானதோர் உரை நிகழ்த்திய ஐயா அவர்களுக்கு நன்றி" என்பது யாரும் யாருக்கும் சொல்லக்கூடியது, காற்றோடு போய்விடும். "முதல் சம்பளத்தில் அம்மாவுக்குச் சேலை வாங்காமல் சைக்கிள் வாங்கி அடிவாங்கிய கதையைச் சொன்ன ஐயாவுக்கு நன்றி" என்றால் செருப்பு தேடுகிறவர்கூட ஒரு நொடி திரும்பிப் பார்ப்பார். இந்த வாக்கியத்தை வீட்டில் எழுதி எடுத்து வர முடியாது, அங்கேயே உட்கார்ந்து கட்டியது. தயாரிப்பில்லாமல் பேசுவது என்று பெரிதாகச் சொல்கிறார்களே, அதன் முதல் பாடம் இவ்வளவுதான்.

என் முதல் நன்றியுரை ஒரு பணி நிறைவு விழாவில். முழு உரையையும் செல்பேசியில் தட்டி வைத்து, பார்த்துப் படித்துக்கொண்டிருந்தேன். நான்காவது பெயரைச் சொல்லும்போது அம்மாவிடமிருந்து அழைப்பு. திரை முழுக்க "அம்மா" என்று வருகிறது, நானும் பதற்றத்தில் "அடுத்ததாக அம்மா அவர்களுக்கு" என்று சொல்லிவிட்டேன், எல்லோரும் ஓய்வு பெறுகிறவரின் மனைவியைச் சொன்னதாக நினைத்துக் கைதட்டினார்கள். பிழைத்தேன். ஆனால் அன்றிலிருந்து மேடைக்குச் செல்பேசி எடுத்துப்போவதில்லை.

அதற்குப் பதில் கல்யாணப் பத்திரிகை கனத்தில் இருக்கும் அட்டையை உள்ளங்கை அளவுக்கு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். பெரிய தாள் என்றால் கை நடுங்குவது கடைசி வரிசைக்குத் தெரியும், அட்டை காட்டிக்கொடுக்காது. அட்டைக்கு நான்கைந்து சொல், அதற்கு மேல் வேண்டாம், முழு வாக்கியம் எழுதினால் கண் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். முதல் இரண்டு வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் மனப்பாடம் செய்யுங்கள், ஏனென்றால் தொண்டை அடைப்பது தொடக்கத்தில், முடிக்கத் தெரியாமல் "ஆகவே... எனவே..." என்று சுற்றுவது கடைசியில். பெயர்களை மட்டும் ஒன்று விடாமல் எழுதுங்கள், அதுவும் முன்னெழுத்து, பதவியோடு, அவரவரிடமே ஒருமுறை கேட்டுச் சரிபார்த்து. மைக்செட்காரர், பந்தல் போட்டவர், டீ கொடுத்தவர் பெயர்களும் அட்டையில் இருக்கட்டும். அவர்களை யாரும் நினைப்பதில்லை, நீங்கள் நினைத்தால் கூட்டம் உங்கள் பக்கம்.

சரி, பயம். அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, வாய் உலர்கிறது, விரல் நடுங்குகிறது. நூறு மேடை கண்டவர்களுக்கும் இது ஓரளவு வரும், அதை அடியோடு ஒழிக்க நினைப்பது வீண் வேலை. பெயர் கூப்பிடுவதற்கு இரண்டு நிமிடம் முன்பிருந்து, மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக வைத்துப் பாருங்கள், நாலு எண்ணி இழுத்து எட்டு எண்ணி விடுவது போல. இதயத் துடிப்பு கொஞ்சம் இறங்கும். அதைவிடப் பெரிய மருந்து ஒன்று உண்டு. அரை மணி நேரம் முன்பே போய், வருகிறவர்களில் நாலைந்து பேரிடம் எந்த ஊர், யார் வீட்டுக்காரர் என்று பேசிக்கொண்டிருப்பது. மேடையிலிருந்து பார்க்கும்போது அங்கே கூட்டம் இருக்காது, சற்று முன் பேசிய நாலு முகம் இருக்கும். திருக்குறளில் 72ஆம் அதிகாரம் அவையறிதல், 73தான் அவையஞ்சாமை. முதலில் சபையைத் தெரிந்துகொள், அஞ்சாமை அப்புறம் என்று அந்த வரிசையை நான் எனக்கு வசதியாகப் படித்துக்கொள்கிறேன்.

மூன்று நான்கு நன்றியுரைக்குப் பிறகு வரவேற்புரைக்கு ஏறலாம், அப்புறம் தொகுப்புரை, வாழ்த்துரை. வரவேற்புரையில் நம்மவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் "அவர்களே". தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் அவர்களே, அமர்ந்திருக்கும் அவர்களே என்று ஒவ்வொரு பேச்சாளரும் அதே பட்டியலை ஒப்பித்தால் அதிலேயே விழாவில் கால் மணி நேரம் கரைந்துவிடும். வரவேற்பவர் முழுப் பட்டியல் சொல்லத்தான் வேண்டும், மற்ற இடங்களில் தலைவர், சிறப்பு விருந்தினர், பிறகு "அவையோர் அனைவருக்கும் வணக்கம்" போதும்.

எந்தத் தமிழில் பேசுவது என்பதுதான் எனக்கு நெடுநாள் குழப்பமாக இருந்தது. எழுதுவது போலவே பேசினால் செய்தி வாசிப்பது போல இருக்கிறது, வீட்டில் பேசுவது போலப் பேசினால் சில சபைகளில் பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். அண்ணாவின் அடுக்குமொழி அண்ணாவுக்குப் பொருந்தியது, அதை இன்று நாம் போட்டுப் பார்த்தால் பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டி வாசனை அடிக்கும். பட்டிமன்றத்தில் சாலமன் பாப்பையா மதுரைப் பேச்சிலேயே பேசி இலக்கியத்தையும் நடுவே கொண்டுவந்து வைப்பார், கவனித்துப் பாருங்கள். நான் செய்வது, தொடக்கமும் முடிவும் நல்ல தமிழில், நடுவில் ஒரு சம்பவம் சொல்லும்போது அதில் வரும் ஆட்கள் அவரவர் பேச்சில். அந்த மாற்றமே தூங்குகிறவரை எழுப்பும்.

மைக்கைப் பற்றி யாரும் சொல்லித்தருவதில்லை. தட்டிப் பார்க்காதீர்கள், ஊதாதீர்கள். வாயிலிருந்து நாலு விரல் இடைவெளி, முகத்துக்கு நேரே இல்லாமல் தாடைக்குக் கீழே சற்றுச் சாய்வாக. நேரே பிடித்தால் "பேரன்பும் பெருமதிப்பும்" என்னும்போது ஒவ்வொரு பகரத்துக்கும் டப் டப் என்று வெடிக்கும். வலைப் பகுதியைக் கையால் மூடினாலோ, மைக்கோடு ஸ்பீக்கர் பெட்டிக்கு எதிரே போய் நின்றாலோ கீச்சென்று கத்தும், பழி மைக்செட்காரர் மேல் விழும். தலையைத் திருப்பினால் மைக்கும் கூடவே திரும்ப வேண்டும்.

வீட்டில் பழக, மேடைப்பேச்சு பழகுவதற்கென்றே இருக்கும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்புகளின் முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். 1924இல் கலிபோர்னியாவின் சாண்டா அனாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கியது, இப்போது சென்னை, கோவையிலும் கிளப்புகள் இருக்கின்றன, முடிந்தால் ஒருமுறை விருந்தினராகப் போய்ப் பாருங்கள். அங்கே டேபிள் டாபிக்ஸ் என்று ஒன்று உண்டு. தலைப்பை அந்த இடத்திலேயே கொடுப்பார்கள், ஒன்று முதல் இரண்டு நிமிடம் பேச வேண்டும். ஒரு நிமிடத்தில் பச்சை, ஒன்றரையில் மஞ்சள், இரண்டில் சிவப்பு காட்டுவார்கள். "ஆ", "ம்" எத்தனை என்று எண்ணவே ஓர் ஆள் உண்டு. நம் வீட்டில் அந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள், "வந்து", "அதாவது", "என்ன சொல்ல வர்றேன்னா" எத்தனை என்று கொஞ்சமும் இரக்கமில்லாமல் எண்ணிச் சொல்வார்கள். என் பெண் முதல் நாள் இரண்டு நிமிடத்தில் பதினேழு "வந்து" எண்ணினாள். அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு ஒரு நொடி சும்மா இருந்தால் போதும், கேட்பவருக்கு அது யோசிப்பது போலத்தான் தெரியும்.

பேச்சைப் பதிவு செய்துகொள்ளுங்கள், ஆனால் அன்றிரவே கேட்காதீர்கள், மனசு உடைந்துவிடும். நம் குரல் நமக்கு மண்டை எலும்பு வழியாகவும் கேட்பதால் கொஞ்சம் கனமாகத் தோன்றும், பதிவில் அந்தக் கனம் இல்லாமல் யாரோ மாதிரி இருக்கும், அது உங்கள் குற்றமில்லை. இரண்டு நாள் கழித்து, பாத்திரம் கழுவிக்கொண்டோ துணி மடித்துக்கொண்டோ ஓடவிடுங்கள். எந்த இடத்தில் உங்கள் கவனமே பாத்திரத்துக்குப் போய்விடுகிறதோ, அடுத்த முறை அந்த இடத்தை வெட்டிவிடுங்கள்.