மாட்டை எண்ணாதே, ஆளை எண்ணு: தாராவியில் இட்லிச் சங்கம் நடத்தும் முறை

கப்பலில் பதினொரு வருஷம் சமையல் வேலை பார்த்தவன் நான். அதில் ஆறு வருஷம் டென்மார்க் கம்பெனிக் கப்பல். ஸ்டோர் ரூமில் லுர்பாக் வெண்ணெய் அடுக்கியிருக்கும், மேலே வளைந்த கொம்பு வாத்தியம் அச்சடித்து. அந்த வெண்ணெயின் பூர்வீகத்தை எஞ்சின் ரூம் டேனிஷ்காரர் ஒருவர் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார். அப்போது காதில் வாங்கியதுதான் இப்போது எங்களுக்கு உதவுகிறது.

எங்கள் சங்கத்தில் 14 பேர். எல்லாரும் விடிகாலையில் அண்டாவில் இட்லி சுமந்துபோய் விற்கிறவர்கள். ஒரு கோலி, அதாவது ஒற்றை அறை, வாடகைக்கு, இரண்டு கிரைண்டர் பொதுவில். “நாங்களும் ஆரம்பிக்கலாமா அண்ணாச்சி?” என்று மலாடிலிருந்தும் செம்பூரிலிருந்தும் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் யாருக்கு எத்தனை ஓட்டு என்று முடிவு செய்யுங்கள். பணம் போடுவதற்கு முன்னாலேயே. நாங்கள் செய்யவில்லை. அதனால் முதல் சங்கம் எட்டே மாதத்தில் உடைந்தது. அதிகமாக முதல் போட்ட இரண்டு பேர் ‘என் பேச்சுக்கு எடை அதிகம்’ என்றார்கள், மற்றவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். டென்மார்க்கின் முதல் கூட்டுறவுப் பால்பண்ணை 1882-ல் யெடிங் என்ற ஊரில் வந்தது. அந்த இயக்கத்தில் ஓட்டு தலைக்கு ஒன்றுதான், மாட்டுக்கு ஒன்றில்லை. நாலு மாடு வைத்திருப்பவருக்கும் ஒரு கை, நாற்பது வைத்திருப்பவருக்கும் ஒரு கை. லாபம் மட்டும் கொண்டுவந்த பாலுக்கு ஏற்றபடி. இரண்டாவது தடவை இதை அப்படியே எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினோம்.

அடுத்தது அளவை. சங்கம் உடைவது சண்டையால் என்பார்கள். என் அனுபவத்தில் அது தண்ணீரால் உடையும். யார் முறை வைத்து அரைக்கிறாரோ அவருக்கு மாவின் கிலோ கணக்கில் கூலி என்று வைத்திருந்தோம். ஒரே மாதத்தில் மாவு ரசமாக ஓடியது, இட்லி தட்டையாக வந்தது. திட்டிப் பார்த்தோம், பயனில்லை. டேனிஷ்காரர்களுக்கும் இதே தலைவலிதான். எடைக்குக் காசு என்றால் பாலில் தண்ணீர் சேரும். அப்புறம் கொழுப்பை அளந்து காசு கொடுக்க ஆரம்பித்தார்கள். நாங்கள் கூலியை மாவிலிருந்து அரிசிக்கு மாற்றினோம்: அளந்து கொடுத்த அரிசி எத்தனை கிலோவோ அத்தனைக்குத்தான் கூலி. கூடவே ஒரு சோதனை. உளுந்து அரைத்ததும் டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை மாவைப் போடுவோம். மிதந்தால் அரிசி மாவோடு கலக்கலாம், அமிழ்ந்தால் இன்னும் ஆட்ட வேண்டும். குறைந்தது இரண்டு பேர் பார்க்க வேண்டும். அன்றிலிருந்து யாரையும் யாரும் சந்தேகப்பட வேண்டியதில்லை.

வெளிச்சரக்கு வந்தால் என்ன செய்வது? பாக்கெட் மாவு ஒவ்வொரு மளிகைக் கடையிலும் வந்தபோது, அதை வைக்காதே என்று கடைக்காரர்களிடம் கேட்கப்போனோம். சிரித்தார்கள். நியாயம்தான். 1870-களில் அமெரிக்க, ரஷ்ய தானியம் மலிவாக ஐரோப்பாவில் வந்து இறங்கியபோது ஜெர்மனியும் பிரான்சும் வரி போட்டுத் தடுத்தன. டென்மார்க் கதவை மூடவில்லை. அந்த மலிவுத் தானியத்தையே வாங்கி மாட்டுக்கும் பன்றிக்கும் போட்டு, வெண்ணெயும் பன்றிக்கறியும் இங்கிலாந்துக்கு விற்றது. நாங்கள் என்ன செய்தோம்? பாக்கெட்டால் முடியாததைப் பிடித்தோம். ஆபீஸ் வாசலில் சூடான இட்லி, தேங்காய்ச் சட்னி, கேட்டால் இன்னொரு கரண்டி சாம்பார்.

விலை வைப்பதில் நார்வே முறை எனக்குப் பிடிக்கும். அங்கே வெளிநாட்டோடு போட்டி போடும் ஏற்றுமதித் தொழில்கள்தான் முதலில் கூலி பேசி முடிக்கும். அந்த அளவைத்தான் மற்ற தொழில்கள் பின்பற்றும். எங்களில் சயான் ஸ்டேஷன் பக்கம் நிற்கிறவர்களுக்குத்தான் போட்டி அதிகம். பிளேட் விலையை அவர்கள் முதலில் சொல்வார்கள். போட்டியில்லாத சந்தில் விற்கிறவர் தன் இஷ்டத்துக்கு ஏற்றக்கூடாது.

சுவீடனிலிருந்து எடுத்தது ஒன்றுதான், ஆனால் கஷ்டமானது. 1951-ல் ரேன், மைட்னர் என்ற இரண்டு தொழிற்சங்கப் பொருளாதார நிபுணர்கள் ஒரு திட்டம் வைத்தார்கள்: ஒரே வேலைக்கு எங்கேயும் ஒரே கூலி. அதைக் கொடுக்க முடியாத கம்பெனி மூடினால் மூடட்டும், ஆளை மட்டும் விடாதே, வேறு வேலைக்குத் தயார்செய். எங்களில் ஒரு பெரியவர், சைக்கிள் மிதிக்க முடியாமல் முழங்கால் போனது, அவர் லைனிலும் வியாபாரம் படுத்துவிட்டது. அந்த லைனுக்கு முட்டுக் கொடுக்கவில்லை. கிலோவுக்கு ஒரு ரூபாய் பிடித்துச் சேர்த்த நிதியிலிருந்து ஆறு வாரம் கொடுத்தோம். அதற்குள் வாஷி மார்க்கெட்டில் அரிசி, உளுந்து வாங்கப் பழகிவிட்டார். புழுங்கல் அரிசியைக் கடித்தே பழசா புதுசா என்று சொல்வார். இந்த நிதியை மட்டும் எந்த மாதமும் விட்டுவிடாதீர்கள்.

விலகுகிறவர்களுக்கு முதலைப் பன்னிரண்டு தவணையில் திருப்பித் தருவது என்று வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இரண்டு பேர் சேர்ந்து போனாலே கிரைண்டரை விற்க வேண்டிவரும். போன வருஷம் ஒருவர் கோபித்துக்கொண்டு போனார். மூன்று மாதம் தவணை வாங்க வந்தார். நாலாவது மாதம் அண்டாவோடு வந்தார், மாவுக்கு.