போர்டை மாற்றாதீர்கள், கிரவுண்டை மாற்றுங்கள்: அசெம்பிள் ஆம்ப்ளிஃபயரைத் தேற்றும் வழி

என்னிடம் ரிப்பேருக்கு வரும் அசெம்பிள் செட்கள், அதாவது பாகங்களை வாங்கிக் கோத்த ஆம்ப்ளிஃபயர்கள், பெரும்பாலும் ஒரே ஜாதகம்தான். 12-0-12 ட்ரான்ஸ்பார்மர் (நடு வயருக்கு இரண்டு பக்கமும் 12 வோல்ட்), ஸ்பீக்கரை ஓட்டும் டிடிஏ 2030 ஐசி போட்ட ஸ்டீரியோ போர்டு, முன்னால் 4558 என்ற சின்ன ஐசி போட்ட பாஸ்-ட்ரெபிள் போர்டு, ஒரு தகரப் பெட்டி. கொண்டு வருகிறவர் சொல்வதும் ஒன்றுதான்: "ஹம்மிங் வருது, பாஸ் பத்தலை. பெரிய போர்டா மாத்திடலாமா?" வேண்டாம். ஹம்மிங், அதாவது அந்த 'ம்ம்ம்' என்ற முனகல், போர்டில் பிறப்பது அபூர்வம். அதே சப்ளையில், அதே வயரிங்கில் பெரிய போர்டைப் போட்டால் அதே ஹம்மிங் இன்னும் பெரிதாகக் கேட்கும். இருக்கிற போர்டிலிருந்தே நல்ல சத்தத்தை எடுக்க முடியும். டிடிஏ 2030 மோசமான ஐசி இல்லை. அதைச் சுற்றிச் செய்யும் வேலைதான் மோசமாக இருக்கிறது.

கை வைக்கும் முன் ஒரு சீரிஸ் பல்ப் தயார் செய்துகொள்ளுங்கள். பழைய 60 வாட் குண்டு பல்பை பேஸ் லைனில் சீரிஸாகப் போட்டு, அதன் வழியாகத்தான் செட்டுக்குக் கரண்ட் போக வேண்டும். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்ப் பளிச்சென்று எரியும், உங்கள் ஐசி பிழைக்கும். சுவிட்சை அணைத்த பிறகும் பெரிய கெபாசிட்டர்களில் சார்ஜ் நிற்கும். அதை ஸ்குரூ டிரைவரால் ஷார்ட் செய்யாமல், 100 ஓம்ஸ் 5 வாட் ரெசிஸ்டரை இரண்டு காலிலும் சில நொடி வைத்து இறக்குங்கள்.

முதலில் ஹம்மிங் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்த பிறகும் அதே அளவில் கேட்டால் கோளாறு வால்யூமுக்குப் பிறகு, அதாவது சப்ளையிலோ கிரவுண்டிலோ (எல்லாவற்றுக்கும் பொதுவான பூஜ்ய வோல்ட் வயர்) இருக்கிறது. வால்யூம் ஏற ஏற ஹம்மிங்கும் ஏறினால் இன்புட் வயர் அல்லது பாஸ்-ட்ரெபிள் போர்டு. வால்யூம் கண்ட்ரோலின் இரும்பு உடலைத் தொட்டதும் ஹம்மிங் குறைந்தால் அந்த உடலுக்கு கிரவுண்ட் போகவில்லை. சுரண்டிவிட்டு ஒரு வயரை ஈயம் வைத்தால் போதும். போனை சார்ஜில் போட்டுக்கொண்டு பாட்டுக் கேட்கும்போது மட்டும் இரைச்சல் வந்தால் செட்டை ஒன்றும் செய்ய வேண்டாம், சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள்.

இப்போது சப்ளை. ஏசியை டிசி ஆக்கும் டயோடு பிரிட்ஜுக்குப் பிறகு கெபாசிட்டரில் விழுவது நொடிக்கு 100 முறை வரும் துடிப்பு. சராசரியாக 2 ஆம்பியர் இழுக்கும்போது பக்கத்துக்கு 2200 மைக்ரோபாரட் மட்டும் இருந்தால், கணக்குப்படி வோல்டேஜ் 9 வோல்ட் வரை குழி விழும். அதையே 10000 ஆக்கினால் 2 வோல்ட். 4700/25 கெபாசிட்டர் இரண்டிரண்டாக பிளஸ் பக்கமும் மைனஸ் பக்கமும் போட்டால் சின்ன செட்டுக்கு நிறைவு. ட்ரான்ஸ்பார்மரும் 2 ஆம்பியரில் நிற்காமல் 3 அல்லது 5 ஆம்பியராக இருக்கட்டும். நான் இதைச் சோதிப்பது நாதஸ்வரம்-தவில் பதிவு போட்டு. தவிலின் தொப்பியில் கோல் விழும்போதெல்லாம் நாதஸ்வரம் லேசாக நடுங்கினால் சப்ளை தாங்கவில்லை என்று அர்த்தம். தொப்பி தனியாக அதிர, நாதஸ்வரம் அசையாமல் நின்றால் சப்ளை சரி.

ஒரு எச்சரிக்கை. 12-0-12 என்றால் டிசியில் 16 வோல்ட் என்று கணக்குப் போடுவோம். லோடு இல்லாதபோது, வீட்டில் கரண்ட் 240க்கு மேல் போகும் நேரத்தில், அது 18ஐத் தொட்டுவிடும். டிடிஏ 2030இன் உச்ச வரம்பே பிளஸ் மைனஸ் 18தான். அதனால் 15-0-15 போட்டால் சத்தம் கூடும் என்று நினைத்து மாற்றாதீர்கள். அதற்கு எல்எம் 1875 வேண்டும். கால்கள் அதே வரிசை, அதே போர்டில் உட்காரும், பிளஸ் மைனஸ் 30 வரை தாங்கும். அப்போது கெபாசிட்டர்களும் 35 வோல்ட்டாக மாற வேண்டும்.

அடுத்தது கிரவுண்ட். என்னைக் கேட்டால் முழு வேலையும் இதில்தான் இருக்கிறது. ட்ரான்ஸ்பார்மரின் சென்டர் வயரில் (12-0-12இல் நடுவில் இருக்கும் 0) சார்ஜிங் கரண்ட் துடிப்புத் துடிப்பாக ஓடுகிறது, ஒவ்வொரு துடிப்பும் சராசரியைவிடப் பல மடங்கு பெரியது. அந்த வழியில் ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு ரெசிஸ்டன்ஸ் இருந்து 5 ஆம்பியர் பாய்ந்தால் 0.05 வோல்ட் உண்டாகும். இன்புட் கிரவுண்டும் அதே வயரைப் பகிர்ந்துகொண்டால் ஐசி அதைப் பாட்டு என்று நினைத்து 33 மடங்கு பெருக்கும். ஸ்பீக்கரில் ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் ஹம்மிங்! எந்த ஐசியை மாற்றினாலும் இது போகாது.

செய்ய வேண்டியது இதுதான். பிளஸ் பக்கக் கெபாசிட்டரின் மைனஸ் காலும், மைனஸ் பக்கக் கெபாசிட்டரின் பிளஸ் காலும் சேரும் இடத்துக்கு சென்டர் வயரைத் தடிமனாகக் கொண்டுவாருங்கள். அந்த வயர் அதோடு முடிந்தது. வேறு எதையும் அதில் தொங்கவிடக் கூடாது. அங்கிருந்து ஒரு குட்டித் தடி வயர் இழுத்து ஒரு புள்ளி வையுங்கள். இரண்டு ஸ்பீக்கர் மைனஸ், பவர் போர்டு கிரவுண்ட், பாஸ்-ட்ரெபிள் போர்டு கிரவுண்ட் எல்லாம் தனித்தனி வயராக அந்தப் புள்ளிக்கு மட்டும் வரட்டும். இன்புட்டுக்கு ஷீல்டு வயர் போடுங்கள், ஷீல்டு ஒரு முனையில் மட்டும் கிரவுண்டில் சேரட்டும். ஆர்சிஏ சாக்கெட்டின் கிரவுண்ட் தகரத்தில் படாமல் பிளாஸ்டிக் வாஷர் வேண்டும்.

மூன்று பின் பிளக்கின் எர்த் வயர் பெட்டியில் நேராக போல்ட் போட்டு இறுகட்டும். கம்ப்யூட்டர் மாட்டியதும் ஹம்மிங் வருகிறது என்று எர்த்தை வெட்டுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், ட்ரான்ஸ்பார்மர் லீக் ஆகும் நாளில் பெட்டியைத் தொடுபவர் உயிர் போகும். அதற்குப் பதில், கிரவுண்ட் புள்ளிக்கும் பெட்டிக்கும் நடுவில் 10 ஓம்ஸ் ரெசிஸ்டர், அதற்குக் குறுக்கே எதிரெதிராக இரண்டு 1என்5408 டயோடு. ஹம்மிங் அடங்கும், பாதுகாப்பும் போகாது.

ட்ரான்ஸ்பார்மரை உடனே போல்ட் போட்டு இறுக்காதீர்கள். வயரை நீளமாக விட்டு, வால்யூம் பூஜ்யத்தில் இருக்கும்போது மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஒரு கோணத்தில் ஹம்மிங் நன்றாகக் குறையும். அங்கே இறுக்குங்கள்.

ஹீட் சிங்க் விஷயத்தில் ஒன்றுதான். டிடிஏ 2030இன் முதுகுத் தகடு உள்ளே மைனஸ் சப்ளையோடு சேர்ந்தது. கரண்டைத் தடுக்கும் மைக்காவும் புஷ்ஷும் இல்லாமல் ஹீட் சிங்க்கில் வைத்து, அது பெட்டியில் பட்டால் ஷார்ட். பேஸ்ட் தடவி மைக்கா வைத்த பிறகு தகட்டுக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே மல்டிமீட்டரில் பீப் வரவில்லை என்று உறுதி செய்துவிட்டு மேலே போகலாம்.

அப்புறம் பாஸ். குமிழைத் திருகுவதற்கு முன் ஐசியின் இன்புட்டில் இருக்கும் கெபாசிட்டரைப் பாருங்கள். மலிவு போர்டுகளில் அங்கே 104 (0.1 மைக்ரோபாரட்) டிஸ்க் நிற்கும். 22 கே ரெசிஸ்டரோடு சேர்ந்து அது 72 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் வெட்டுகிறது. 1 மைக்ரோபாரட் பாலியெஸ்டர், அதாவது 105 போட்டால் 7 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். ஃபீட்பேக்கில் 680 ஓம்ஸோடு இருக்கும் கெபாசிட்டர் 22 மைக்ரோபாரட் இருக்க வேண்டும், 2.2 இருந்தால் அங்கேயும் பாஸ் செத்துவிடும். அந்த 680ஐ 1 கே ஆக மாற்றினால் பெருக்கம் 33இலிருந்து 23 ஆகும், உஸ்ஸென்ற இரைச்சலும் குறையும். 16 மடங்குக்குக் கீழே மட்டும் இறக்கக் கூடாது, ஐசி ஆசிலேட் ஆகும், அதாவது பாட்டே இல்லாமல் தானாகத் துடிக்கத் தொடங்கிவிடும். அவுட்புட்டில் 1 ஓம், 224 கெபாசிட்டர் ஜோடி இல்லாத போர்டாக இருந்தால் கட்டாயம் போடுங்கள். பாட்டே இல்லாமல் ஐசி சுடுவதற்கு முக்கியக் காரணம் அதுதான்.

பாஸ்-ட்ரெபிள் போர்டில் 4558ஐ எடுத்துவிட்டு 5532 போடலாம், கால்கள் ஒன்றே. ஆனால் அதைவிட அதிக லாபம் அதன் சப்ளையைச் சுத்தம் செய்வதில் இருக்கிறது. பிளஸ், மைனஸ் இரண்டிலும் 470 ஓம்ஸ் சீரிஸ், அதன் பிறகு கிரவுண்டுக்கு 470/25 கெபாசிட்டர், ஐசி காலடியில் ஒரு 104. சப்ளையில் மிச்சம் இருக்கும் துடிப்பு (ரிப்பிள்) நூறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும்.

வால்யூம் கொஞ்சம் திருப்பியதுமே கத்துகிறதென்றால் கண்ட்ரோலில் 50 கே பி என்று போட்டிருக்கும். பி ஒரே சீராக ஏறும் வகை, முதலில் மெல்ல ஏறும் ஏ வகையை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் நடுக் காலுக்கும் கிரவுண்ட் காலுக்கும் 10 கே போடுங்கள், ஏறக்குறைய அதே போல வேலை செய்யும்.

எல்லாம் முடிந்ததும் ஸ்பீக்கரை மாட்டும் முன் அவுட்புட்டில் டிசி எவ்வளவு என்று அளந்து பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் மாட்டலாம். வோல்ட் கணக்கில் காட்டினால் ஸ்பீக்கர் காயில் கருகிவிடும், ஐசியை மீண்டும் பாருங்கள்.

ஸ்பீக்கரை வெறுமனே மேஜையில் கவிழ்த்து வைத்துக் கேட்டுவிட்டு பாஸ் இல்லை என்று சொல்லாதீர்கள். கோனின் முன்பக்க அலையும் பின்பக்க அலையும் சேர்ந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. நம் ஊரில் மண்பானை வாயில் ஸ்பீக்கரைப் பதிப்பது இதனால்தான் வேலை செய்கிறது. பின்பக்க அலை பானைக்குள்ளேயே அடைபட்டுவிடும். இரண்டு ஸ்பீக்கரும் ஒரே பக்கம் தள்ள வேண்டும் என்பதும் முக்கியம். ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டு எடுங்கள். கோன் வெளியே தள்ளினால் பேட்டரியின் பிளஸ் பட்ட கால்தான் ஸ்பீக்கரின் பிளஸ். அதில் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்த ஸ்பீக்கரையும் அப்படியே பார்த்து மாட்டுங்கள்.