பழைய அம்பாசிடரில் எஞ்சின் மாற்றும் முன் கவனிக்க வேண்டியவை

பழைய அம்பாசிடரைத் தேற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் எஞ்சினில்தான் முதலில் கை வைக்கிறார்கள். 1990-களில் வந்த 1.8 லிட்டர் இசுசூ எஞ்சினையும் ஐந்து கியர் பெட்டியையும் பழைய 1,489 சிசி வண்டியில் ஏற்ற வேண்டும் என்பது பலரின் ஆசை. ஆசை நியாயமானதுதான். ஆனால் நான்கு சக்கரத்திலும் பழைய டிரம் பிரேக்கை வைத்துக்கொண்டு வேகத்தை மட்டும் கூட்டினால், எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி திடீரென நிற்கும்போது உங்கள் வண்டி நிற்காது. முதலில் பிரேக், அடுத்து சஸ்பென்ஷன் (குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பு), அப்புறம்தான் எஞ்சின்.

சஸ்பென்ஷனுக்கும் முன்னால் தகட்டைப் பாருங்கள். அம்பாசிடருக்குத் தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, பாடியேதான் சுமை தாங்குகிறது. காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் நிற்கும் வண்டிகளை உப்புக் காற்று சும்மா விடாது. பின்பக்க ஸ்பிரிங் மாட்டும் இடத்தை ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் வெல்டிங் வேலைதான் முதலில்.

பின்பக்கம் தொய்ந்துவிட்டது என்று பட்டை ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பட்டை சேர்ப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. வண்டி உயரும், உண்மைதான். கூடவே ஆக்சில் சாய்வு மாறி, கியர் பெட்டியிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் அதிரும், அதன் மூட்டில் இருக்கும் ஜாயின்ட் கிராஸ் சீக்கிரம் தேயும், பள்ளத்தில் பின்சக்கரம் குதிக்கும். பட்டைகளைக் கழற்றி வளைவு சரிசெய்வதோ புது செட் போடுவதோதான் முறை. ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் புது ரப்பர் புஷ் போடும்போது சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை முழுதாக முறுக்காதீர்கள். வண்டியைத் தரையில் இறக்கி, அதன் எடை ஸ்பிரிங்கில் உட்கார்ந்த பிறகு முறுக்குங்கள். இல்லையென்றால் ரப்பர் எப்போதும் முறுக்கேறியே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். முன்பக்கம் ஸ்பிரிங்காக வேலை செய்யும், முறுக்கேறும் கம்பியான டார்ஷன் பாரைக் கழற்றினால் இடம், வலம் என்று குறித்து வையுங்கள். ஓடிய பாரைப் பக்கம் மாற்றி மாட்டக் கூடாது.

காகிதத்தையும் மறக்க வேண்டாம். எஞ்சின் மாற்ற ஆர்டிஓ அனுமதி வேண்டும், ஆர்சி புத்தகத்திலும் அது ஏற வேண்டும். 50 வயது தாண்டிய வண்டிக்கு 2021 விதிப்படி வின்டேஜ் பதிவு வாங்கும் எண்ணம் இருந்தால், எஞ்சினையே தொடாதீர்கள். பழைய வடிவம் மாறாத வண்டிக்குத்தான் அந்தப் பதிவு.

புது கியர் பெட்டி போடுபவர்கள் பின் ஆக்சிலைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. மழையில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணீரில் இறங்கிய வண்டி என்றால் டிஃபரன்ஷியல் (பின் ஆக்சில் நடுவில் உள்ள பல்சக்கரப் பெட்டி) ஆயிலை வடித்துப் பாருங்கள். டீ மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பேரிங்கைச் சோதித்து, சீல் மாற்றி, புது ஆயில் ஊற்றிய பிறகு கியர் பெட்டியை ஏற்றுங்கள்.