பிரேக்கர் கொண்டக்டைத் தேய்க்காதீர்கள்

ரத்மலானைப் பக்கத் தொழிற்சாலைகளில் 400 வோல்ட் மெயின் பனலைத் திறந்தால், ஏர் சர்க்கிட் பிரேக்கரின் (கோளாறு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் பெரிய சுவிட்ச்) கொண்டக்டுகளை, அதாவது ஒன்றையொன்று தொட்டுக் கரண்டைக் கடத்தும் உலோகப் பகுதிகளை, சாண்ட் பேப்பரால் பளபளவென்று தேய்த்து வைத்திருப்பதை அடிக்கடி காண்கிறேன். தயவுசெய்து வேண்டாம். முனையில் இருப்பது வெள்ளிக் கலவை. லேசாகக் கறுத்திருந்தாலும் கரண்ட் நன்றாகவே பாயும். தேய்த்தால் கறுப்போடு வெள்ளியும் போய்விடும். நூல் உதிராத துணியால் துடைத்தால் போதும். கலவை தேய்ந்து செம்பு தெரிகிறதா? அப்போது மாற்றுங்கள், மூன்று பேஸுக்கும் சேர்த்தே.

சந்தேகமாக இருந்தால் மிகச் சிறிய மின்தடையைக் காட்டும் மைக்ரோ ஓம் மீட்டரால் மூன்று பேஸின் கொண்டக்டுகளையும் அளந்து பாருங்கள். ஆகக் குறைந்த அளவைவிட இன்னொன்று 50 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தால் அங்கே ஏதோ கோளாறு.

கை வைக்கும் முன் பிரேக்கரை ஓஃப் செய்து, முழுதாக வெளியே இழுத்து, பிரேக்கரை இயக்கும் ஸ்பிரிங்கின் விசையையும் இறக்கிவிடுங்கள். கரண்ட் இல்லாவிட்டாலும் அந்த ஸ்பிரிங் விரலை நசுக்கிவிடும். பிரேக்கர் வெளியே வந்த பிறகும் அது பொருந்தியிருந்த கூட்டின் பின்னால் பஸ்பாரில் (கரண்ட் வரும் தடித்த உலோகப் பட்டையில்) கரண்ட் இருக்கும், மறக்க வேண்டாம்.

அப்புறம் பிரேக்கரின் அசையும் பாகங்களில் பூசும் கிறீஸ். என்னைக் கேட்டால் கொண்டக்டைவிட இதுதான் கவலை. பழைய கிறீஸில் தூசி சேர்ந்து பிசின்போல இறுகினால், ட்ரிப் ஆகி கரண்டைத் துண்டிக்க வேண்டிய நேரத்தில் பிரேக்கர் தாமதிக்கும். பழையதை முழுதாக வழித்தெடுத்துவிட்டு, தயாரிப்பாளரின் கையேட்டில் சொன்ன கிறீஸை மட்டும் மெல்லியதாகப் பூசுங்கள். புறக்கோட்டையில் கிடைக்கும் வாகனக் கிறீஸ் இதற்கு ஆகாது.